ஏழு, எட்டு, ஒன்பதாம் அறைகளும் எங்கள் அக்காவும்

இன்று எங்கள் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் வணக்கம். அக்கா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அக்கா மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து, "மாமா, நீங்கதான் எழுதணும். ஒரே கட்டடத்துல பத்தொம்பது வருசம் அம்மாவோட வேலை பாத்தது நீங்கதானே" என்றாள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது எதிரே யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால் ஒப்புக்கொண்டேன். பிழைகளை அவள் திருத்தியிருக்கிறாள். விஷயத்தைத் திருத்தவில்லை. படித்து முடித்ததும் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தாள்.

அக்கா பிறந்தது இலங்கையில், தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயம் ஒன்றில். ஆறு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தார். முகாமில் சில மாதம், பிறகு மலையில் இந்தத் தோட்டம் அந்தத் தோட்டம் என்று அலைந்து, கடைசியில் பேத்துப்பாறையில் குடிசை போட்டார்கள். நான் இங்கே பிறந்தவன். அம்மா கூலிக்குப் போகும்போது என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்று பாடம் கேட்டவர் அக்கா. அவர் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா நெஞ்சு வலியில் இறந்தார். படிப்பு நின்றது. கல்யாணம் ஆகி ஆறு வருடத்தில் அவர் கணவரும் இறந்துவிட்டார். மகளைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தார். கொடைக்கானல் டவுனில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புத் துவைக்கும் வேலையில் சேர்ந்தார். சில வருடங்களில் அறைகள், துணிகள் எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு என்று ஆனது. பிறகு என்னையும் அங்கே பாய்லர் எரிக்கச் சேர்த்துவிட்டார். அறைகளுக்குப் போகும் வெந்நீர், நான் விறகு வைத்து எரிக்கும் அந்தப் பாய்லரிலிருந்துதான் போகும்.

அக்காவின் குணங்களைச் சொல்லவேண்டும் என்றால் அவர் வேலை பார்த்த விதத்தைச் சொல்வதுதான் சரி. லாட்ஜில் எது கெட்டாலும் எல்லோரும் முதலில் கேட்பது "யாரு?" என்றுதான். அக்கா அதைக் கேட்கமாட்டார். "எப்பலேருந்து?" என்று கேட்பார். அடுத்தது, "எங்க இருக்கு, எங்க இல்ல?" என்பார்.

நான் சேர்ந்த புதிதில் சில அறைகளுக்குத் தண்ணீர் சூடாக வரவில்லை என்று புகார் வந்தது. மேனேஜர் என்னிடம், "வெள்ளனே எந்திரிச்சு அடுப்பைப் பத்த வைக்கத் தெரியாதாய்யா ஒனக்கு? படுத்துக் கெடந்தியா?" என்று சத்தம் போட்டார். நான் தலையைக் குனிந்து நின்றேன். அக்கா ஒரு வாளியோடு எல்லா அறைக்கும் போய்க் குழாயைத் திறந்து கை வைத்துப் பார்த்தார். வடக்குப் பக்கம் இருந்த நாலு அறைக்கு மட்டும்தான் ஆறிப்போய் வந்தது. அந்த நாலுக்கும் போகும் குழாய் வெளிச்சுவரில், பனிக்காற்றில் வெறுமனே கிடந்தது. பழைய கம்பளியைக் கிழித்துச் சுற்றி, மேலே சாக்கு வைத்துக் கட்டச் சொன்னார். மறுநாள் புகார் இல்லை. "பாய்லர்க்காரன வையிறதுக்கு முன்னாடி குழாயத் தொட்டுப் பாத்திருக்கலாம்ல சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு துணி அறையின் சுவரில் காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி, நடுவில் ஒரு கோடு போட்டு வைத்தார். இடது பக்கம் 'பார்த்தது', வலது பக்கம் 'கேட்டது'. எது கெட்டாலும் வேலைக்காரர்கள் எல்லோரும் மதியம் டீ குடிக்கும்போது அங்கே நின்று, தெரிந்ததைச் சொல்லவேண்டும். கண்ணால் பார்த்தது இடது பக்கம் போகும். யாரோ சொன்னது, தோன்றியது எல்லாம் வலது பக்கம் போகும். வலது பக்கம் இருப்பதை யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்தால் இடது பக்கம் மாற்றுவார். அவர் கண்டிப்பாக இருந்தது ஒன்றில்தான். அந்தத் தாளுக்கு முன்னால் நிற்கும்போது யாரையும் யாரும் திட்டக் கூடாது. "ஒரு தடவ வஞ்சீங்கன்னா அடுத்த தடவ எவளும் வாயத் தொறக்கமாட்டா. அப்புறம் நான் கோட்டப் போட்டு என்ன செய்ய?" என்பார். படித்தவர்கள் இதற்கெல்லாம் வகுப்பு நடத்துகிறார்கள் என்று அக்கா மகள் சொல்கிறாள். அக்கா எங்கும் போய்க் கற்றுக்கொண்டதில்லை.

இனி எழுதப்போவதை அக்கா இருந்தவரை நான் அவரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் ஆடி மாதம் பிறப்பதற்கு முன்பு, பாய்லரின் புகைக்குழாயைப் புதுக் கம்பி வைத்துக் கட்டும்படி மேனேஜர் என்னிடம் சொன்னார். அந்தக் குழாய் கட்டடத்தின் பின்சுவரை ஒட்டிக் கூரைக்கு மேலே வரை போகும். கட்டவேண்டும் என்றால் ஈரத் தகரத்தில் ஏறவேண்டும். எனக்குப் பயம். பயம் என்று சொல்ல அதைவிட வெட்கம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஆடிக் காற்றில் குழாயின் மேல்துண்டு கழன்று பின்னால் சரிவில் விழுந்தது. நான் பார்த்தேன். மிச்சக் குழாயின் வாய் இப்போது கூரைக்குக் கீழே, ஏழு, எட்டு, ஒன்பதாம் அறைகளின் குளியலறைக் காற்றுத் திறப்புகளுக்குப் பக்கத்தில் நின்றது. புகை போகிறது, அடுப்பு எரிகிறது, அது போதும் என்று விட்டுவிட்டேன். பின்பக்கம் புதரும் சரிவும். என்னைத் தவிர அங்கே யாரும் போவதில்லை.

மழை பிடித்து இரண்டு வாரத்தில் புகார் தொடங்கியது. காலையில் எழுந்தால் தலை வலிக்கிறது, கிறுகிறுக்கிறது என்று அறைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். மேனேஜர், "மலையேறி வந்தா தல சுத்தத்தான் செய்யும். அத்தன கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல" என்றார்.

"வளைவு எல்லா ரூமுக்காரங்களுக்கும் ஒன்னுதானே சார்?" என்றார் அக்கா. "ஏழு, எட்டு, ஒம்போதுக்கு மட்டும் ஏன் சுத்துது?"

அந்த மூன்று அறைகளையும் கூட்டித் துடைப்பவர் செல்வராணி. மலைக்குள் தள்ளியிருக்கும் கூக்கால் கிராமத்திலிருந்து வந்து, டவுனில் ஒரு அறை எடுத்துத் தங்கி, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர். கணவர் இல்லை. மேனேஜர் கண்ணில் அவர்தான் பட்டார். "நீ ஊத்துற பினாயில் நெடிதான் ஆளுகளைக் கொல்லுது" என்றார். செல்வராணி அழவில்லை. "அதே பினாயிலத்தான் சார் ஒங்க ஆபீசுலயும் ஊத்துறேன். ஒங்களுக்கு ஒன்னும் ஆகலையே" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புதான் அவருக்கு வினையானது.

அக்கா தாளை ஒட்டினார். மூன்று அறை மட்டும். மழை நாள், பனி நாள் மட்டும். ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்கியவர்களுக்கு இல்லை. செல்வராணி துடைக்கும் நாலு, ஐந்து, ஆறாம் அறைகளிலும் இல்லை. இவ்வளவும் இடது பக்கம் இருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த மூணு ரூமும் ஒன் பாய்லருக்கு நேர் மேல இருக்கு. பொகக்கொழாய் சரியா இருக்காடா? பாத்தியா?"

"பாத்தேன்க்கா. நல்லாத்தான் இருக்கு."

சமையல்காரர், ஆபீஸ் ஆள், செல்வராணி எல்லோரும் டீயோடு நின்றார்கள். ஆடிக்கு முன்பே கட்டச் சொன்ன மேனேஜர் கதவுப் பக்கம் நின்றார். அங்கே யாரும் என்னைத் திட்டியிருக்கமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். இருந்தும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அக்கா பேனாவை எடுத்து, 'புகைக்குழாய் சரியாக இருக்கிறது' என்று எழுதினார். இடது பக்கம் எழுதினார். வேறு யார் சொல்லியிருந்தாலும் வலது பக்கம் எழுதிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு தானே போய்ப் பார்த்திருப்பார். நான் சொன்னதை அவர் பார்த்ததாகவே எடுத்துக்கொண்டார். அவர் வேலையில் செய்த ஒரே தவறு அதுதான்.

அந்த வாரக் கடைசியில் செல்வராணியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அக்கா ஆபீசுக்குப் போய் வாதாடினார். "ஒன் சோலி துணி எண்ணுறது. அதப் பாரு" என்றார்கள். அடுத்த பத்து நாள் புகாரே இல்லை. "பாத்தியா, ஆள அனுப்புனதும் நின்னுருச்சு" என்றார் மேனேஜர். அக்கா விடவில்லை. "அந்தப் பத்து நாளும் வெயிலு சார். எல்லா ஜன்னலும் தொறந்து கெடந்துச்சு. மழை வரட்டும், பாப்போம்" என்றார்.

மழை வந்தது. எட்டாம் அறையில் ஒரு குழந்தை காலையில் எழுப்பியும் எழவில்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டது. கடவுள் புண்ணியம் என்று எல்லோரும் சொன்னார்கள். அன்று மதியம் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மழையில் பின்சரிவில் தானே ஏறிப்போய்ப் பார்த்தார்.

நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து விறகுக் கட்டு மேல் உட்கார்ந்தார். முழங்கால் வரை சேறு.

"எப்பலேருந்துடா?"

"ஆடியிலேருந்துக்கா."

"தெரியுமா ஒனக்கு?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என்னை அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அடுப்ப அணை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

மேனேஜர் கேட்டது அதே கேள்விதான். "யாரு இதுக்குப் பொறுப்பு?"

"காத்துல விழுந்துருக்கு சார். யாருக்கும் தெரியல. நான் போய்ப் பாத்துருக்கணும். பாக்கல. தப்பு என்னுதுதான்" என்றார் அக்கா.

நான் பக்கத்தில் நின்றேன். அப்போதும் பேசவில்லை.

குழாயை மாற்றினார்கள். தலைவலிப் புகார் அதோடு நின்றது. செல்வராணியைத் திரும்ப எடுக்கும்படி அக்கா கேட்டபோது, வேறு ஆள் வந்தாச்சு என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் அவர் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திக் கூட்டிக்கொண்டு, கூக்காலுக்கே போய்ப் பூண்டுக் காட்டில் கூலிக்கு இறங்கிவிட்டார். லாட்ஜிலும் கடைத்தெருவிலும் அவரைப் பற்றி, குழந்தையைச் சாகடிக்கப் பார்த்தவள் என்றே பேச்சு நிலைத்துவிட்டது. குழந்தை மயங்கிய அன்று அவர் அங்கே வேலையிலேயே இல்லை என்பதைக்கூட யாரும் யோசிக்கவில்லை.

அக்கா என்னிடம் இரண்டு முறை சொன்னார். "நீயே போய் அவகிட்டச் சொல்லிட்டு வா. வெரசாப் போ, நாளாக நாளாகக் கஷ்டம்." சரி என்றேன். போகவில்லை. மூன்றாம் முறை அவர் சொல்லவில்லை. சுவரில் காலண்டர் தாள் ஒட்டுவதையும் அன்றோடு விட்டுவிட்டார். யாராவது கேட்டால், "அதுல எழுதியிருக்குறதுல எனக்கே நம்பிக்க இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் துணியை மடிப்பார். எல்லோருக்கும் அது வயதாகிவிட்ட சலிப்பாகத் தெரிந்தது. இப்போது அங்கே எது கெட்டாலும் முதலில் ஆளைத் தேடுகிறார்கள். ஆள் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த மழைக்காலத்திலிருந்து அக்காவுக்கும் தலைவலி இருந்தது. அவர் நாள் முழுவதும் இருந்த துணி அறையும் பின்சுவரை ஒட்டியதுதான். பிரஷர் என்று மாத்திரை போட்டுக்கொண்டார். போன பங்குனியில் ஒரு காலை, விரிப்புகளை அடுக்கும்போது அப்படியே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். குழாய் மாற்றியபிறகு அவ்வளவு காலம் கழித்து அந்தப் புகைக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போதும் தலை வலிக்கிறதா என்று அக்காவிடம் நான் ஒரு நாளும் கேட்கவில்லை. என் இடத்தில் அவர் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். இனிக் கேட்க முடியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டிக்காரருக்கும், வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த லாட்ஜ் ஆட்களுக்கும், மூன்று நாள் அடுப்பு எரியாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொடுத்த பேத்துப்பாறை அக்கம்பக்கத்தாருக்கும், கடைசிக் காரியங்களை முன்னின்று நடத்திய சொந்தங்களுக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

செல்வராணிக்குத் தனியாகச் சொல்லவேண்டும். செய்தி கேட்டு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். மூன்று நாளும் பாத்திரம் கழுவினார், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். லாட்ஜ் ஆட்கள் சிலர் அவர் கையால் டீ வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன். என்னிடம், "சாப்புடுண்ணே, எத்தன நாளைக்கு இப்படியே உக்காந்திருப்ப" என்று தட்டை நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். அன்றும் சொல்லவில்லை.

செல்வராணி, உன் பினாயில் ஒன்றும் செய்யவில்லை. குழாயைக் கட்டாமல் விட்டது நான். விழுந்ததைப் பார்த்தது நான். நல்லாத்தான் இருக்கு என்று சொன்னதும் நான். இதை அக்கா மறைத்தது எனக்காக. அதற்காக அவரைத் தப்பாக நினைக்காதே.

அன்று செல்வராணியைப் பற்றிப் பேசியவர்கள் இந்த மலரை வாங்கியவர்களிலேயே பலர் இருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு முறை அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். கூக்காலுக்குப் பஸ் குறைவு, காலையில் விட்டால் பிறகு கிடைப்பது கஷ்டம். அக்கா மகள் நாளை இந்த மலரை எடுத்துக்கொண்டு போகிறாள். என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முன்பும் அப்படித்தான் சொன்னேன்.