ஃபெபி பார்த்த மனை

கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஃபெபி ஒன்பது வீடுகளில் குடியிருந்தாள். அதில் ஒன்றைக்கூட அவளாகத் தேர்ந்தெடுத்ததில்லை. கணவர் ஜெரால்டுக்கு விமானப் படையில் என்ஜின் மெக்கானிக் உத்தியோகம். மாற்றல் உத்தரவு வந்ததும் இரும்புப் பெட்டிகளில் சாமான்களை அடைப்பாள். போய் இறங்கிய ஊரில் யாரோ ஒரு கிளார்க் சாவியை நீட்டுவார். கதவில் பெயின்டால் எழுதியிருக்கும் எண்தான் அடுத்த இரண்டு மூன்று வருஷத்துக்கு விலாசம். ஜோத்பூரில் சோற்றுக்குள் மணல் வந்து விழுந்தது. தேஜ்பூரில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கட்டிலின் கால்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து வாழ்ந்தார்கள். பஞ்சாபில் கிடைத்த வீடு ஓடுபாதையின் முனைக்கு நேர் எதிரில் இருந்தது. விமானம் கிளம்பும்போதெல்லாம் அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று மோதி அலறும். மகளுக்கு அப்போது இரண்டு வயது. தூக்கத்தில் வீறிட்டு எழுந்தவளை மடியில் போட்டுக்கொண்டே ஃபெபி அந்த மூன்று வருஷத்தையும் ஓட்டினாள்.

ஜெரால்டுக்குத் தஞ்சாவூர் மாற்றல் கிடைத்தது 2013-ல். அங்கே விமானப் படைத் தளத்தைப் பெரிதாக்கித் திறந்த புதிது. ஃபெபி தரங்கம்பாடியில் தச்சு வேலை பார்த்த லுத்தரன் குடும்பத்துப் பெண். உத்தரவைக் கையில் வாங்கியதும், சொந்த ஊர்ப் பக்கம் வந்ததற்கு நன்றி சொல்லி ஜெபம் செய்தாள். அடுத்த வருஷம் ஜெரால்டுக்கு ஓய்வு. இனிமேல் யாரும் சாவி கொடுக்க மாட்டார்கள். வீடு நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த நாளில் புதுக்கோட்டைச் சாலையில் இரண்டு பக்கமும் கொடிகள் பறந்துகொண்டிருந்தன. அரசியல் கட்சிக் கொடிகள் இல்லை, மனை விற்பவர்களின் கொடிகள். துபாயிலும் சிங்கப்பூரிலும் சம்பாதித்தவர்கள், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் பிள்ளைகள் இருப்பவர்கள், எல்லோரும் மனை கேட்டார்கள். போன வருஷம் கதிர் அறுத்த வயலில் இந்த வருஷம் வெள்ளையடித்த கல் நின்றது. விமானத் தளத்துச் சுவரை ஒட்டினாற்போலப் போட்டிருந்த மனைப்பிரிவு ஒன்றுக்கு 'வான்படை நகர்' என்று பெயர். ஓய்வுபெறப் போகிற பதினோரு பேர் சேர்ந்து அங்கே ஒரே தெருவாக வாங்குவது என்று பேசி வைத்திருந்தார்கள். அவர்களில் சார்ஜன்ட் நவநீத் முன்பணமே கொடுத்துவிட்டார். ஜெரால்டும் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

"சுவருக்கு அந்தப் பக்கம் தளம், இந்தப் பக்கம் வீடு. கேன்டீன் நடந்து போற தூரம். இன்னும் என்ன வேணும் உனக்கு?" என்றார் ஜெரால்ட்.

"அந்த இடம் ஓடுபாதைக்கு நேரா இருக்குங்க."

"இருந்தா என்ன? நேத்து விமானம் இறங்கறப்ப அங்கதான் நின்னேன். ஒண்ணும் பெரிய சத்தம் இல்லையே."

"உங்களுக்குக் கேக்காதுங்க" என்று சொல்லிவிட்டு ஃபெபி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருபத்து மூன்று வருஷம் என்ஜின் பக்கத்திலேயே நின்ற மனிதர். வலது காது பாதி போய்விட்டது. வீட்டில் டிவி சத்தம் ஏறிக்கொண்டே போவதை அவளும் மகளும் கவனித்திருந்தார்கள். அவரிடம் இதுவரை சொன்னதில்லை.

ஜெரால்ட் கோபப்படவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "இப்பதான் இங்க அவ்வளவா விமானமே இல்லையே" என்றார்.

"இவ்வளவு நீளத்துக்கு ஓடுபாதை போட்டது சும்மா பாத்துக்கிட்டிருக்கவா? நாளைக்கு வரும்ங்க."

மறுநாள் காலை ஃபெபி மொபெட்டை எடுத்துக்கொண்டு வான்படை நகருக்குத் தனியாகப் போனாள். முந்தின நாள்தான் நல்ல மழை. மனைகளில் பரப்பியிருந்த செம்மண் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் கல் ஊன்றிய ஓரங்களில் கோரை முளைத்திருந்தது. மேடான நிலத்தில் கோரை அப்படி அடர்ந்து வராது என்று தேஜ்பூரிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள். கிழக்குப் பக்கமாக நடந்தாள். வயல்களுக்கு நடுவே ஒரு வாய்க்கால் நிறையத் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தது. மனைப்பிரிவின் எல்லைக்கு வந்ததும் சட்டென்று நின்றுபோயிருந்தது. அதற்கு அப்பால் வாய்க்காலே இல்லை. கொட்டிய மண்தான் இருந்தது.

பக்கத்து வயலில் ஒரு பெண் களை பறித்துக்கொண்டிருந்தாள். பெயர் அம்சம் என்றாள்.

"அக்கா, இந்த வாய்க்கால் எங்க போவுது?"

"எங்கம்மா போவும்? மண்ணக் கொட்டி மூடிட்டாங்க. நீங்க நிக்கிற இடத்துலதான் நான் பதினஞ்சு வருஷம் நாத்து நட்டேன். போன ஐப்பசியில இந்தக் கல்லெல்லாம் முழங்காலுக்குத் தண்ணியில நின்னுச்சு. தண்ணி வடிஞ்ச பிறகு வந்து செம்மண்ண அடிச்சிட்டுப் போனாங்க."

ஃபெபி வீட்டுக்குத் திரும்பாமல் நேரே தாலுகா ஆபீசுக்குப் போனாள். பட்டா, சிட்டா என்று காதில் விழுந்திருக்கிறதே தவிர எது என்னவென்று அவளுக்குத் தெரியாது. வெட்கப்படாமல் கேட்டாள். மனு எழுதினாள், ஸ்டாம்ப் ஒட்டினாள், நாலு நாள் நடந்தாள். ஐந்தாம் நாள் அந்தச் சர்வே எண்ணின் வரைபட நகல் கைக்கு வந்தது. அதில் இரட்டைக் கோடாக ஒரு வாய்க்கால், மனைப்பிரிவின் நடுமுதுகில் வளைந்து போனது. பக்கத்தில் பொடி எழுத்தில் 'வாய்க்கால் புறம்போக்கு'. நவநீத் முன்பணம் கொடுத்திருந்த மனை அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

நகலை ஜெரால்டிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். "இத்தோட விடு. வேற இடம் பாத்துக்குவோம்" என்றார்.

"நாம பாத்துக்குவோம். மத்த பத்துப் பேரு? அம்ருதா நேத்து வாசல் கதவுக்குக் கலர் பார்த்துட்டு வந்தா."

அம்ருதா நவநீத்தின் மனைவி. பஞ்சாபில் பக்கத்து வீட்டுக்காரி. மறுநாள் ஜெரால்ட் டியூட்டி முடிந்து தாமதமாக வந்தார், வந்ததும் வராததுமாக, "தளத்துல நம்ம எஸ்டேட் ஆபீஸ்ல விசாரிச்சேன். சுவரை ஒட்டி இவ்வளவு கிட்டத்துல வீடு கட்டணும்னா படையோட அனுமதிக் கடிதம் வேணும். அந்தச் சர்வே நம்பருக்கு யாரும் கேட்கவே இல்லையாம்" என்றார். இருபது வருஷத்தில் அவர் மேலிடத்தில் ஒரு கேள்வி கேட்டு ஃபெபி பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வான்படை நகரில் பந்தல் போட்டிருந்தார்கள். பதினோரு குடும்பமும் வந்திருந்தது. தரகர் தங்கையன் ஆளுக்கொரு ரோஸ்மில்க் கொடுத்து உட்காரவைத்தார். பின்னால் பிரியாணி மணத்தது. மனைகளை விற்கிற மேனேஜர் மைக்கைப் பிடித்து, பூங்கா எங்கே, கோயில் எங்கே என்று கையை நீட்டிக் காட்டினார். பேசி முடித்ததும், "யாருக்காவது சந்தேகம்?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

ஃபெபி எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கிழக்கேருந்து வர்ற வாய்க்கால் எங்கங்க போகுது?"

மேனேஜர் சிரித்தார். "அது பழைய வாய்க்கால்மா. இப்ப உபயோகத்துல இல்ல."

"இன்னிக்குக் காலையிலயும் தண்ணி ஓடுச்சுங்க. இது தாலுகா ஆபீஸ்ல வாங்கின படம். இதுல வாய்க்கால் இருக்கு. வாய்க்கால் இல்லைன்னு ஒரு படம் உங்ககிட்ட இருந்தா காட்டுங்க, பாத்துட்டு உக்காந்துக்கறேன்."

"அம்மா, இதெல்லாம் டெக்னிகல் விஷயம். சார்கிட்ட நான் பேசிக்கறேன்" என்று மேனேஜர் ஜெரால்டின் பக்கம் திரும்பினார்.

ஜெரால்ட் எழுந்தார். "என்கிட்ட பேச ஒண்ணும் இல்லீங்க. அவங்க கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. அப்படியே படையோட அனுமதிக் கடிதத்தையும் காட்டிடுங்க."

தங்கையன் ரோஸ்மில்க் தட்டோடு அப்படியே நின்றார். மேனேஜர் யாருக்கோ போன் போடுவது போலப் பந்தலுக்கு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. முதலில் எழுந்தவள் அம்ருதாதான். நேரே ஃபெபியிடம் வந்து படத்தை வாங்கி, விரலால் தன் மனையைத் தேடினாள். விரல் இரட்டைக் கோட்டின் மேல் போய் நின்றது. "அக்கா" என்று ஃபெபியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரியாணியை யாரும் தொடாமல் பதினோரு குடும்பமும் வேனில் ஏறியது. நவநீத்தின் முன்பணம் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது.

வேண்டாம் என்று சொல்வது பாதி வேலைதானே. ஃபெபி இப்போது வேண்டியதைத் தேடினாள். பெங்களூரில் படிக்கிற மகள் போன் செய்து, "வாடகைக்கே இருந்துடுங்களேம்மா" என்றாள். "அடுத்தவங்க வீட்டுலதான் இத்தனை நாளா இருந்தாச்சே" என்று சிரித்தாள் ஃபெபி. மழை பெய்த மறுநாள் எல்லாம் மொபெட் கிளம்பிவிடும். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகிறது, விமானம் எந்தத் தெருவுக்கு மேல் போகிறது என்று பார்த்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினாள். கறுப்பு மண் வயல்களைத் தள்ளினாள். அங்கே கட்டிய சுவர்களில் கோடையில் விரல் நுழையும் வெடிப்பு. நகரத்துக்குள் இடம் கிடைத்தது, கேன்டீனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இரண்டு பஸ் மாற வேண்டும். அதையும் தள்ளினாள்.

தை மாதம் புது ஆறு என்கிற பெரிய கால்வாயைத் தாண்டி ஒரு மேட்டைப் பார்த்தாள். செம்மண் தரை. கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஓடுபாதை பக்கவாட்டில், நல்ல தூரத்தில் இருந்தது. தளத்து வாசலுக்கு மொபெட்டில் பத்து நிமிஷம். நிலம் அல்லா பிச்சை என்பவருடையது. மகன் சிங்கப்பூரில் வீடு வாங்கி வாப்பாவையும் உம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"விக்கறதுதான்மா. ஆனா துண்டு போட மாட்டேன். நல்ல இடத்த நாலு பேரு வாங்கிட்டுப் போயிடுவாங்க, கோணல் மூலை கடைசி வரைக்கும் எம் பேர்ல நிக்கும். எடுத்தா மொத்தமா எடுங்க" என்றார் அல்லா பிச்சை.

"பதினோரு குடும்பம் சேர்ந்து வந்தா?"

"கூட்டிக்கிட்டு வாங்க, பாப்போம்."

கூட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நோட்டோடு போனாள். அவள் வீட்டையும் சேர்த்து ஒன்பது குடும்பம் ஒத்துக்கொண்டது. மிச்சத்துக்கு மெடிக்கல் காலேஜ் நர்ஸ் நஃபீசாவும் ஒரு வாத்தியார் குடும்பமும் சேர்ந்தார்கள். வில்லங்கம் பார்த்தார்கள். சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தார். தெருவுக்கும் மழைத் தண்ணீர் வடிகாலுக்கும் முதலில் இடம் ஒதுக்கி, அங்கீகாரம் வாங்கி, பிறகுதான் மனை பிரித்தார்கள். கோணல் மூலை யாருக்கு என்று பேச்சு வந்தபோது ஃபெபியே எடுத்துக்கொண்டாள். தரையிலேயே உயரமான இடம் அது என்பதை அவள் மட்டும்தான் கவனித்திருந்தாள்.

பத்திரப் பதிவன்று ஜெரால்ட் எழுத்தரிடம், "அவங்க பேர்ல போடுங்க" என்றார். எழுத்தர் பேனாவைத் தூக்கி, "ரெண்டு பேர் பேர்லயுமா சார்?" என்று கேட்டார். "அவங்க பேர்ல மட்டும். கண்டுபிடிச்சது அவங்கதானே."

2015 ஆவணியில் வீடு முடிந்தது. ஒரே காலையில் ஃபெபி வீட்டில் பாஸ்டர் ஜெபம் செய்தார், பக்கத்து வீட்டில் அம்ருதா பால் காய்ச்சினாள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அடுப்பில் சமையல்.

அந்த ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை தமிழ்நாட்டுக்கே மறக்காது. வான்படை நகரில் வேறு யாரோ கட்டியிருந்த இரண்டு வீடுகளின் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியது. அந்தக் குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கின. ஃபெபியின் தெருவில் மழை பெய்யும், வடிகாலில் இறங்கும், போய்விடும். தெருப் பெண்கள் சேர்ந்து மூன்று நாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு வடித்து அனுப்பினார்கள். ஐந்து வருஷம் கழித்துப் போர் விமானங்கள் தஞ்சாவூருக்கே வந்து நிலைகொண்டன. தெருவில் நின்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அலமாரித் தட்டுகள் வைத்த இடத்தில் இருந்தன.

இப்போது தளத்தில் யாருக்காவது ஓய்வு நெருங்கினால் வீட்டுக்காரிகள் ஃபெபியைத் தேடி வருகிறார்கள். போன மாதம் ராஜஸ்தானிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண், பாதித் தமிழும் பாதி இந்தியுமாக, "அக்கா, ஒரு பிளாட் பாக்கணும். நீங்க வந்து சொன்னாத்தான் வாங்குவேன்" என்றாள்.

"வர்றேன். ஆனா இன்னிக்கு வேணாம். மழை பெய்யட்டும், மறுநாள் போவோம்" என்றாள் ஃபெபி.