செங்கம் ரோட்டில் ஓர் இங்கிலீஷ் வகுப்பு

1. பயிற்சி முடிந்து வந்த திங்கட்கிழமை

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் ஒரு வாரப் பயிற்சி வைத்தார்கள். அதுவரை நான் நடத்திய விதம் எளிது. ஒரு வரி வாசிப்பேன், பிள்ளைகள் கோரஸாகச் சொல்வார்கள். கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதிப்போடுவேன், பார்த்து எழுதிக்கொள்வார்கள். அந்தக் கோரஸில் யாருக்குப் படிக்கத் தெரியும், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

பயிற்சியில் எங்களையே பிள்ளைகளாக உட்காரவைத்து விளையாடவிட்டார்கள். ஊருக்கு வந்ததும் பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி எழுத்தட்டை செய்தேன். திங்கட்கிழமை ஆறாம் வகுப்பில் மூன்று பேரை முன்னால் வரச்சொல்லி சி, ஏ, டி என்று ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தேன். 'கேட்' என்று படித்தார்கள். சி உட்கார்ந்து பி வந்து நின்றதும் அதுவே 'பேட்' ஆனது. பின்வரிசையில் தூங்கி வழிகிற பையன்கூட எழுந்து நின்று பார்த்தான்.

அன்றைக்கு எல்லாரையும் விரட்டி வேலை வாங்கியவள் அமுதா. ஆட்டோ ஓட்டுகிற ஏழுமலையின் மகள். "டேய், நீதான்டா பி. அட்டைய தலகீழா புடிச்சா க்யூ ஆயிடும்டா" என்று ஒருவனை அதட்டினாள். சிறிய பி, க்யூ எழுத்துக் குழப்பத்தை நான் பல வருஷம் சொல்லியும் இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் புரியவைத்ததில்லை.

பயிற்சியில் கடைசியாகச் சொன்னது, "கிளாஸ்குள்ளயே அடைச்சி வெக்காதீங்க. வெளிய கூட்டிப் போய் நிஜமான ஆளுங்ககிட்ட பேச வைங்க" என்பது. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து செங்கம் ரோடு நடக்கிற தூரம். அங்கே இருக்கிற ஆசிரமத்துக்கு எந்நேரமும் வெளிநாட்டுக்காரர்கள் போய்வந்துகொண்டிருப்பார்கள். வேறு ஊர் டீச்சர்களுக்கு இந்த வசதி ஏது என்று எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எச்.எம்.மிடம் கேட்டேன். "போர்டு படிக்க வைக்கிறது சரி. வெள்ளக்காரங்ககிட்ட பேசறதெல்லாம் எதுக்கும்மா?" என்றார்.

"டிரெயினிங்லயே சொன்னாங்க சார்."

"பாத்துக் கூட்டிப் போங்க. அந்த ரோட்ல வண்டி ஜாஸ்தி."

அவருக்கும் வண்டிகளைப் பற்றித்தான் கவலை. எனக்கும் அதைத்தவிர வேறு தோன்றவில்லை.

2. சனிக்கிழமை

முதல் பாதி நன்றாகப் போயிற்று. ரோட்டோரம் வரிசையாக நடந்தோம். எஸ்.டி.டி. பூத், லாண்டரி, டெய்லர், ரூம்ஸ் என்று கண்ணில் பட்ட போர்டுகளையெல்லாம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். "டீச்சர், ரூம்ஸ்ல கடைசில எஸ் போட்டிருக்குது. அப்படின்னா நெறைய ரூமா?" என்று அமுதா கேட்டாள். ஒருமை பன்மைப் பாடத்தை அன்று ரோட்டிலேயே முடித்துவிட்டேன்.

அடுத்தது பேச்சு. இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும், கையைக் கொடுத்துக் குலுக்க வேண்டும், பெயர் என்ன, எந்த நாடு, இட்லி பிடிக்குமா என்று கேட்டு நோட்டில் எழுதிவர வேண்டும். முந்தின நாளே வகுப்பில் ஒத்திகை பார்த்திருந்தோம். முதலில் போன இரண்டு பேருக்கு ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் நின்று பதில் சொன்னார். தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுத வைத்தார். பையன்கள் குதித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

அடுத்து அமுதாவும் பரிமளாவும் போனார்கள். வெள்ளை ஜிப்பா போட்ட உயரமான வெளிநாட்டுக்காரர் ஒருவர் எதிரே வந்துகொண்டிருந்தார். அமுதா அவர் முன்னால் போய் நின்று, நான் சொல்லிக்கொடுத்தபடியே கையை நீட்டி, "ஹலோ சார், வாட் இஸ் யுவர் நேம்?" என்றாள்.

அவர் சரியாக நிற்கக்கூட இல்லை. தோள்பையில் துழாவி, நீட்டிய கையில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு நடந்தார்.

"டேய், அமுதாவுக்கு காசு போட்டுட்டாருடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அமுதா கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் அந்தக் காசை வாங்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். இவர்கள் என் மாணவர்கள், ஆங்கிலம் பழக வந்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். மனசுக்குள் வாக்கியம் சரியாகத்தான் இருந்தது. அவர் திரும்பியதும் வாயில் வந்தது, "சார்... மணி... நோ... மை சில்ட்ரன்" மட்டும்தான். காசு இருந்த உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் என்னையும் காசையும் பார்த்தார். இரண்டு கைகளையும் கூப்பி, "நோ மோர். சாரி, நோ மோர்" என்று சொல்லிவிட்டு ஒரு விடுதிக்குள் போய்விட்டார்.

கொடுத்தது பத்தாது என்று பிள்ளைகளின் அம்மா வந்து கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். நான் பி.எட். படித்தவள். இங்கிலீஷ் டீச்சர். வியர்வையில் நனைந்த ரவிக்கையோடு அந்த விடுதி வாசலில் நின்றேன். காசைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

எதிரே ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஏழுமலை ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார். முழுவதையும் பார்த்திருக்கிறார். சத்தம் போடுவார் என்று பயந்தேன். போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"வணக்கம் டீச்சர். நான் இங்கதாங்க வண்டி போடறேன்" என்றார். ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தார். "ஸ்டாண்டுல எல்லாருக்கும் எம்பொண்ண தெரியும்ங்க."

"ஏழுமலை, அந்த ஆளு தப்பா..."

"தெரியுதுங்க." மகளின் பையை வாங்கிக்கொண்டார். "வாம்மா, ஏறு."

மற்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் பள்ளிக்குத் திரும்பினேன். வழியில் ஒரு போர்டையும் படிக்கச் சொல்லவில்லை.

3. அந்த ரோட்டில் பேசுகிற இங்கிலீஷ்

மறுநாள் தனியாகப் போய் அதே ரோட்டில் ஒரு டீக்கடை ஓரம் நின்றேன். தலை வாராத பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரு வெளிநாட்டுப் பெண்ணைச் சுற்றிக்கொண்டார்கள். "ஹலோ மேடம், வாட் இஸ் யுவர் நேம்? விச் கன்ட்ரி?" என்று கேட்டபடி காசுக்குக் கையை நீட்டினார்கள். நான் வகுப்பில் ஒத்திகை பார்த்த அதே கேள்விகள், அதே வரிசை. பல வருஷமாக நடந்து போகிற ரோடு. அந்தக் குரல்கள் அதுவரை என் காதில் விழுந்ததே இல்லை.

அமுதா இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. வகுப்பில் அவளுக்கு 'ஹலோ சார்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். நான் அதட்டியதில் அது பக்கத்து வகுப்புக்கும் பரவியது. இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன்.

"உக்காருங்க டீச்சர்" என்று அவள் அம்மா சேர் போட்டார். ஏழுமலை நின்றுகொண்டேதான் பேசினார். "படிப்ப நிறுத்த மாட்டேங்க. நாளைக்கே அனுப்பறேன். ரோட்டுக்கு மட்டும் கூட்டிப் போவாதீங்க."

கதவோரம் நின்ற அமுதாவிடம், "தப்பு என்னுதுதாம்மா. கோச்சிக்காத" என்றேன்.

"பரவால்ல டீச்சர்" என்றாள். "உங்களையும்தான அந்த ஆளு தப்பா நெனச்சிக்கினாரு. நீங்க அழாதீங்க."

என் கண் கலங்கியிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தேற்ற வேண்டியவள் நான். ஆறாம் வகுப்புப் பிள்ளை என்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். கொடுத்த காபியைக் குடிக்க முடியாமல் குடித்துவிட்டு எழுந்தேன்.

4. பிறகு

அமுதா வந்தாள். எழுத்தட்டை விளையாட்டில் நின்றாள். வருஷக் கடைசியில் தனியாக உட்காரவைத்துப் படிக்கச் சொன்னபோது ஒரு பக்கம் முழுக்கத் தடங்கல் இல்லாமல் படித்தாள். ஆனால் பேசுகிற ஆக்டிவிட்டி வந்தால் வட்டத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பாள். நான் வற்புறுத்தவில்லை. எட்டாவது முடித்து டவுனில் பெண்கள் பள்ளிக்குப் போய்விட்டாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வேங்கிக்காலில் நடந்த பயிற்சிகளில் நானே பாடம் எடுக்கும் கருத்தாளராக நின்றேன். ஆசிரியர்களுக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்வேன். பயிற்சி ஹாலில் நாம் நமக்குள் நடித்துப் பார்க்கும்போது யாரும் யாரையும் குறைவாக நினைப்பதில்லை. பிள்ளையின் வாயில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து வெளியே அனுப்புமுன், அந்த இடத்தில் அதை வேறு யார், எதற்காகப் பேசுகிறார்கள் என்று நாம் முதலில் போய் நின்று கேட்க வேண்டும். நான் அதைப் பிள்ளையை அனுப்பிய பிறகு கேட்டேன்.

'நோ மோர்' வரும்போது எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். ஒருமுறை புதிதாக வேலைக்கு வந்த ஒரு டீச்சர் மட்டும் சிரிக்காமல், "அப்பறம் அந்தப் பொண்ணு இங்கிலீஷ் பேசுச்சா மேடம்?" என்று கேட்டார்.

"எங்கிட்ட பேசல" என்றேன்.