ஜன்னல் வைத்த பூரான்

எனக்கு அப்போது எட்டு வயது. ஓசூர் தாண்டி ஹெப்பகோடியில் ஓர் அறையும் சமையல்கட்டும். அம்மாவின் தம்பியும் எங்களோடுதான் இருந்தார். பொம்மசந்திராவில் ஒரு சின்னக் கம்பெனியில் மாமாவுக்கு வேலை. மூன்று வருஷமாக டெம்பரரி.

தசரா லீவு விட்ட அன்று சாயங்காலம் ஒரு பச்சை அட்டையைக் கொண்டுவந்தார். அதன்மேல் வரிசையாகக் கால் வைத்த கறுப்புச் சிப்புகள்.

"இன்னாடா இது, பூரான் புடிச்சினு வந்துகிற?" என்றாள் அம்மா.

"கம்ப்யூட்டர்க்கா."

"பொண்ணு பாக்கலாம்டான்னா பூரான் வளக்கறான்."

மாமா சிரிக்கவில்லை. பெரிய பூரானைத் தொட்டுக் காட்டினார். இதுதான் யோசிப்பது. முன்னே இந்த வேலைக்கு ஒரு ரூம் நிறைய மிஷின் வேண்டுமாம். பிறகு எல்லாம் ஒரு சிப்புக்குள் வந்ததாம். முதலில் வந்த சிப்பு தகவலை நாலு நாலு துண்டாகத்தான் வாங்கும். இது எட்டு எட்டாக வாங்கும். பக்கத்துப் பூரான் கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மூன்றாவது மறக்காது. மாமா எழுதியதெல்லாம் அதற்குள்தான். நடுவில் ஓடும் கோடுகள் அவை பேசிக்கொள்கிற பாதை.

மறக்காத பூரானின் முதுகில் ஒரு கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது.

ஒயரைச் சொருகினார். அட்டைக்குக் குறுக்கே கையை நீட்டினால் அதில் எரியும் சிவப்பு எண்ணில் ஒன்று கூடியது. பெல்ட்டில் போகும் பாட்டிலை எண்ணுவதற்காம். ஆயுத பூஜை அன்று கம்பெனியில் முதலாளி முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் பர்மனென்ட். அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு, மறுநாள் வேலையாக ஓசூர் போனார். திரும்பப் பத்து நாள்.

பூஜையில் வைக்கிற சாமானில் அழுக்கோ பழைய காகிதமோ இருக்கக் கூடாது. அம்மா அப்படி. அப்பாவின் ஸ்பேனர்களை வருஷா வருஷம் நான்தான் துடைப்பேன். அந்த வருஷம் மாமா கிளம்பியதுமே அட்டையையும் துடைத்தேன். கறுப்புக் காகிதத்தை நகத்தால் உரித்தேன்.

அடியில் சட்டைப் பொத்தான் அளவு ஒரு கண்ணாடி ஜன்னல்.

உள்ளே ஓர் ஊர் இருந்தது. வெள்ளித் தெருக்கள். கோடு போட்ட மாதிரி வீடுகள். ஆளே இல்லை. வெயிலில் சாய்த்தால் ஊர் முழுக்க ஊதாவாகும், பச்சையாகும். யாரோ தெருவில் விளக்கோடு போகிற மாதிரி இருக்கும். தினம் காலையில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்து, அட்டையை அதன் கட்டையில் வைப்பேன். வெயில் நகர நகர அதையும் நகர்த்துவேன். கண்ணை மூடினாலும் அந்தத் தெருக்கள் தெரிந்தன. யாரிடமும் சொல்லவில்லை.

பூஜை அன்று அம்மா அட்டைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மஞ்சள் துணியில் சுற்றினாள். ஓசூரிலிருந்து வந்த மாமா அப்படியே வாங்கிக்கொண்டார். வீட்டு ஆட்களையும் கூப்பிட்டிருந்ததால் என்னையும் அழைத்துப் போனார்.

கம்பெனியில் மிஷினுக்கெல்லாம் மாலை. வாசலில் உடைத்த பூசணிக்காய். மாமா துணியைப் பிரித்து ஒயரைச் சொருகினார். கையை நீட்டினார். சிவப்பு எண் எரியவில்லை. இன்னொரு தரம் நீட்டினார்.

"இன்னா குரு, மிஷினுக்கும் தசரா லீவா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

மாமா குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

"யார் கை வெச்சாங்க இதுல?" என்றார் முதலாளி.

"யாரும் இல்ல சார். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

மாமா பர்மனென்ட் ஆகவில்லை. அடுத்த வருஷம் வேறு கம்பெனிக்குப் போனார், அங்கேயும் டெம்பரரியாக. அந்த ஜன்னலுக்குள் வெயில் நாள் கணக்கில் விழுந்தால் எழுதியது அழிந்துவிடும். அதற்குத்தான் கறுப்புக் காகிதம். இது எனக்குத் தெரிந்தது, பெரியவளாகி நானும் பொம்மசந்திராவில் அட்டையில் சிப்பு சொருகும் வேலைக்குப் போன பிறகு.

அன்றைக்கு, முதலாளி கேட்டபோது, மாமா கட்டைவிரலால் அந்த ஜன்னலை மூடிக்கொண்டிருந்தார். கடைசிவரை எடுக்கவில்லை. மாமாவும் அந்த ஊரைப் பார்த்துவிட்டார், வேறு யாருக்கும் காட்டாமல் எனக்காக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். வீடு வரும்வரை எனக்கு அவ்வளவு சந்தோஷம்.