சிவகாசியில் அச்சடித்த வானம்

2009, ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை 5.10-க்குத் திருச்சியில் ரயில் ஏறியபோது என் பையில் படம் வரையும் நோட்டு, இரண்டு பேனா, சின்ன வண்ணப் பெட்டி, நான்கு இட்லி இருந்தன. மனதில் ஒரு பொய்யும் இருந்தது. சிவகாசியில் எஸ்தர் என்ற ஆசிரியைக்கு, "வருகிறேன், சேர்ந்து உட்கார்ந்து படம் போடலாம்" என்று எழுதியிருந்தேன். உண்மையில் நான் போனது அவரைச் சோதிக்க.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கோப்பு புரட்டும் எனக்கு இரண்டு வருடமாக ஒரு கிறுக்கு. தெருவோரம் உட்கார்ந்து கண்ணில் படுவதை வரைந்து, ஸ்கேன் செய்து, இணையத்தில் ஒரு குழுவில் போடுவேன். பல நாட்டுக்காரர்கள் அதில் உண்டு. ஒருவர் படத்தை மற்றவர் பார்த்துத் திருத்தம் சொல்வார். அப்படித்தான் எல்லோரும் கற்றுக்கொண்டோம். விதி ஒன்றே ஒன்று: பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே வரைய வேண்டும். புகைப்படத்தையோ வேறு படத்தையோ வைத்து வரையக் கூடாது.

தெரு தூரம் போகப் போகக் குறுகுவதை எப்படிக் காட்டுவது என்று எஸ்தருக்குச் சொல்லிக் கொடுத்தது நான். ஐந்து மாதம், மின்னஞ்சலில். ஆறாவது மாதம் அவர் என்னைவிட நன்றாக வரைய ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பெருமை, கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சல். இந்த நிலையில்தான் சிங்கப்பூர் உறுப்பினர் ஒருவர், குழுவை நடத்தும் எங்கள் நால்வருக்கு மட்டும் எழுதினார். எஸ்தரின் படங்களைப் பெரிதாக்கினால், அச்சடித்த படங்களில் இருப்பதுபோன்ற நுண்ணிய அச்சுப் புள்ளிகள் தெரிகின்றனவாம். ஆறு படங்களில் ஒரே மேகமாம். அச்சான படத்தை வைத்து வரைகிறாரோ என்று அவருக்குச் சந்தேகம். நானே அந்த மேகத்தின் கீழ் "வானம் பிரமாதம்" என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன்! குற்றம் உண்மையானால் அவருடைய முப்பத்தோரு படங்களும் நீக்கப்படும், எஸ்தரும் வெளியேற வேண்டும். மற்ற மூவரும் வெளிநாட்டில். பக்கத்து ஊர்க்காரி என்று என்னைப் போகச் சொன்னார்கள். இருநூறு கிலோமீட்டர் அவர்களுக்குப் பக்கம்.

காலை 9.20. விருதுநகர். ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ இருபத்தைந்து ரூபாய். சிவகாசிப் பேருந்தில் டிக்கெட் ஒன்பது ரூபாய், தூரம் இருபத்தாறு கிலோமீட்டர். வண்டி கிளம்பும்வரை நோட்டை எடுத்து, எதிரே நின்ற பழ வண்டியைக் கிறுக்கினேன். பக்கத்து இருக்கை அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"எந்தக் கம்பெனிக்குப் போடுறீக? பட்டாசு லேபிளுக்கா, காலண்டருக்கா?"

"எதுக்கும் இல்லம்மா. சும்மாத்தான்."

"சும்மாவா?" என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சும்மா போடுறதுக்கா இம்புட்டு கலரு வாங்கிட்டு வந்திருக்கீக?"

திருத்தங்கல் தாண்டும்வரை அவர் என்மேல் வைத்த இரக்கம் குறையவில்லை. இறங்கும்போது, தெரிந்த பிரஸ் ஒன்றில் சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

10.30. சிவகாசி. ஆடி முடிந்தும் காற்று ஓயவில்லை, கண்ணெல்லாம் மண். எஸ்தர் பேருந்து நிலையத்துக்கே வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார்.

"வாங்கக்கா. சாப்பிட்டீகளா? நீங்க எழுதுறதப் பாத்து ரொம்ப வயசானவுகன்னு நெனச்சிட்டேன்."

வீட்டில் காபியும் காராச்சேவும் வந்தன. அந்த உபசாரத்தில் என் பொய் இன்னும் கனத்தது.

11.40. லாரி புக்கிங் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கும் ஒரு தெரு. பூட்டிய கடை ஒன்றின் நிழலில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு லாரியில் பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றுகிற நால்வரைத் தவிரத் தெருவில் ஆளே இல்லை. எல்லோரும் கம்பெனி வேனில் வேலைக்குப் போய்விட்டதாகவும் சாயங்காலம்தான் ஊர் நிறையும் என்றும் எஸ்தர் சொன்னார். அவர் படங்களில் ஏன் கூட்டமே இல்லை என்ற சந்தேகம் எனக்கு அங்கேயே தீர்ந்தது.

பிறகு அவர் பையிலிருந்து தாளை எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாளின் மேல்பாதியில் ஏற்கெனவே வெளிர்நீல வானமும் இரண்டு மேகங்களும் இருந்தன. கீழ்ப்பாதி வெறும் வெள்ளை.

"இது என்ன தாள், எஸ்தர்?"

"இவுக பிரஸ்ல கழிச்சுப் போடுற தாளுக்கா. காலண்டர் அட்டைக்கு முதல்ல நீலம் ஓட்டுவாக. மை சரியா வர்ற வரைக்கும் ஓடுற தாளெல்லாம் வேஸ்ட்டு. கீழ கம்பெனிப் பேரு, தேதிக் கட்டு வர்ற எடம், அதான் வெள்ளையா கெடக்கு. நல்ல கெட்டித் தாளு, சீசன்ல கட்டுக் கட்டா கொண்டாருவாக. நான் வேண்டிய அளவுக்கு வெட்டிக்கிருவேன்."

"அப்போ வானம்?"

"வானம் மட்டும் கம்பெனி போட்டது. கீழ உள்ளதெல்லாம் நான் போட்டது." கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார். அந்த ஊரில் வானம் கழிவுத் தாளோடு வருகிறது. அதை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

இனி மறைப்பது அசிங்கம் என்று நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சிங்கப்பூர் கடிதம், புள்ளிகள், முப்பத்தோரு படங்கள், எல்லாம். எஸ்தர் முகம் கறுத்துவிட்டது.

"அப்ப நீங்க படம் போட வரல. என்னைய சோதிக்க வந்திருக்கீக."

"ஆமாம்."

"முந்தாநாள் ராத்திரியே மாவாட்டி வச்சேன்க்கா உங்களுக்கு."

தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டேன், அவர் காதில் வாங்கவில்லை. தாளை வெடுக்கென்று திருப்பி, வெறும் வெள்ளையாக இருந்த பின்பக்கத்தை மேலே வைத்தார். "பாருங்க. நல்லா கண்ண முழிச்சுப் பாருங்க" என்று பேனாவைத் திறந்தார்.

பார்த்தேன். பென்சிலே தொடவில்லை. லாரியின் பின்சக்கரத்தில் தொடங்கி, பெட்டியைத் தலையில் ஏந்தியவர் முழங்கால், தார்ப்பாய் மடிப்பு, கடைப் பலகையில் உரிந்த எழுத்து என்று கோடு நிற்காமல் போயிற்று. லோடு ஏற்றுகிறவர்களில் ஒருவர் வந்து பார்த்து, "டீச்சர், என் தொப்பையக் கொறைச்சுப் போடுங்க" என்றார். எஸ்தர் சிரிக்கவில்லை. ஐம்பது நிமிடத்தில் தெரு முழுவதும் தாளில் இருந்தது. இந்தக் கையையா சந்தேகப்பட்டோம் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

மேல்பாதிக்கு வந்ததும் பேனா நின்றது. என் வண்ணப் பெட்டியை வாங்கி, தூரிகையை நனைத்து, நீலத்துக்குக் கொண்டுபோனவர் சட்டென்று அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீலமே இல்லையேக்கா."

இல்லைதான். மண்ணும் வெயிலும் கலந்து, கழுவாத பால் பாத்திரம்போல மங்கிய வெள்ளை. அதன் குறுக்கே கரண்ட் கம்பிகள், கேபிள் வயர்கள், ஒரு கம்பியில் சிக்கிய கிழிந்த பிளாஸ்டிக் பை.

"எம்புட்டு வயரு! ஒரு படத்துலகூட நான் போட்டதில்லையே." தூரிகையைத் துடைத்து வைத்துவிட்டார். "ஏழு மாசமா இந்தத் தெருவப் போடுறேன். ஒரு நாளும் மேல பாக்கலக்கா."

அதற்குப் பிறகு அவர் கோபம் போய்விட்டது. எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பதினேழு கம்பிகளையும் அந்தப் பையையும் ஒவ்வொன்றாக வரைந்தார். வானத்துக்கு வண்ணமே பூசவில்லை.

மாலை 3.30. பிரவுசிங் சென்டர். மணிக்கு இருபது ரூபாய், ஸ்கேன் ஒரு தாளுக்குப் பத்து ரூபாய். குழுவுக்கு நான் விளக்கம் எழுதுகிறேன் என்றேன். எஸ்தர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு புதிய படத்தைப் போட்டார். அதன் கீழே, பழைய படங்களில் வானம் தன்னுடையது அல்ல, மற்றதெல்லாம் தன்னுடையது, நீக்குவதானால் நீக்கலாம் என்று இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினார்.

5.15. கம்பெனி வேன்கள் திரும்ப ஆரம்பித்தன. இறங்கிய ஆண்களும் பெண்களும் கைகளில் ஒட்டிய வெள்ளி நிறப் பட்டாசு மருந்துத் தூளோடு கடைகளை மொய்த்தார்கள். பேருந்து ஏறும்போது எஸ்தர் கட்டிக் கொடுத்த தோசைப் பொட்டலத்தை மறுக்க எனக்குத் தைரியமில்லை.

ஞாயிறு காலை, திருச்சி. மற்ற மூவருக்கும் எழுத உட்கார்ந்தேன். எஸ்தரின் கோடுகள் உண்மை, வானம் விதிமீறல், குறிப்போடு படங்கள் இருக்கட்டும் என்பது என் தீர்ப்பு. நியாயஸ்தராகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் திறந்து கிடந்த என் நோட்டில் கண் போயிற்று. மலைக்கோட்டைப் படம், போன மாதம் வரைந்தது. அழகான நீல வானம். அந்த வானத்தை நான் எங்கே பூசினேன்? எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், விளக்கைப் போட்டுக்கொண்டு. அதற்கு முந்திய படமும் அப்படித்தான். அதற்கும் முந்தியதும். தெருவில் உட்கார்ந்து கோடு போடுவேன். வெயில் தாங்காமல் வீட்டுக்கு வந்து, வண்ணக் குழாயைப் பிதுக்கி வானம் பூசுவேன். என் வானத்தில் அச்சுப் புள்ளி கிடையாது. அதனால் யாரும் என்னைத் தேடி ரயில் ஏறவில்லை.

கடிதத்தை அழித்தேன். குழுவில் என் பக்கத்தைத் திறந்து, முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றின் கீழும் "இந்த வானம் நான் பார்த்தது அல்ல" என்று எழுத ஆரம்பித்தேன். மொத்தம் நாற்பத்தாறு படங்கள், முடிக்க மதியமாகிவிட்டது.