பாதியில் நின்ற நரிவால்

ஹோசியத்தின் வீட்டுச் சுவரில், ஓர் ஆணியில், ஓரம் கடிபட்ட வட்ட ரொட்டி தொங்குகிறது. அவள் கணவன் துரோப் வடக்கே வேலைக்குக் கிளம்பிய அன்று கடித்தது. அந்த ஊர் வழக்கப்படி, தூரம் போகிறவன் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தை அவன் திரும்பி வந்துதான் தின்ன வேண்டும். இரண்டு குளிர்காலம் போய் ரொட்டி கல்லாகிவிட்டது. அவள் அவ்வப்போது எடுத்துத் தூசி தட்டுவாள். அந்தச் சுவரில் வேறு எதையும் மாட்டவில்லை.

இருவரும் ஒரே உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அவன் காற்றை அழுத்தி அனுப்பும் கூடத்தில். அவள் அமோனியா பக்கம். அவனுடைய காற்றும் அவளுடைய அமோனியாவும் ஒரு பெரிய குழாயில் சேரும். உள்ளே முறுக்கிய தகடுகள் இருக்கும். அவற்றில் புரண்டு புரண்டு நன்றாகக் கலந்த பிறகுதான் இரண்டும் உலைக்குள் இருக்கும் பிளாட்டின வலையைத் தொட வேண்டும்.

புதிதாக வருகிறவர்களிடம் அவள் சொல்வாள்: "தேநீரைக் கிண்ணத்துல ஊத்தி, திரும்பக் கெண்டியிலயே ஊத்துறோம்ல? அதைச் செய்யலேன்னா முதல் ஆளுக்கு வெந்நீர், கடைசி ஆளுக்குக் கசப்பு. வலைக்கும் அப்படித்தான்."

கலவை சரியாக இருந்தால் வலை முழுவதும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் கனலும். சரியில்லை என்றால் ஒரு பக்கம் இருண்டுவிடும், மறுபக்கம் கண்மண் தெரியாமல் சூடேறி வலையே பாழாகும். உலையின் கண்ணாடித் துளையில் அதைப் பார்ப்பதற்கென்றே துரோப் வேலை முடிந்ததும் வருவான்.

"எப்படி இருக்கு என் காத்து?"

"என் அமோனியா புண்ணியத்துல பரவாயில்ல."

வலை மாற்றுவதற்காக ஆலையை நிறுத்தியிருந்தபோது அவனுடைய போன் வந்தது. அவன் குழுவைத் தெற்கே வேறு இடத்துக்கு மாற்றுகிறார்களாம். ஆலை கிளம்பும் அன்று மதியம் அவன் ரயில் இந்த ஊரில் ஒரு மணி நேரம் நிற்குமாம். காற்றுக் கூடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. துரோப் வந்தால் அவனுக்குத்தான் என்று தலைவர் யோத்கோர் சொல்லியிருந்தார். போனில் சொன்னால் துரோப் சிரித்தே மழுப்புவான். நேரில், அந்த ரொட்டியைக் கையில் கொடுத்து, "மிச்சத்தைத் தின்னுங்க, இறங்கிடுங்க" என்று சொன்னால்? இறங்காமல் இருந்துவிடுவானா?

அந்த நாட்களில் அவளுக்கு வேறு நினைவே இல்லை.

ஆலை கிளம்பும் அன்று காலை இனோபத் கிண்டலை ஆரம்பித்தாள். அவள்தான் மதியம் ஹோசியத்தின் இடத்தில் நிற்க ஒத்துக்கொண்டவள்.

"புருவத்துக்கு இலைச்சாறெல்லாம் பூசியிருக்கு! யாரு பாக்கறதுக்கு? வலையா அக்கா?"

"வாயாடி! நான் போனதும் துளையை விட்டுக் கண்ணை எடுத்தே, தோலை உரிச்சிடுவேன்."

உலை பற்றிக்கொண்டது. புகைபோக்கியில் மஞ்சளும் பழுப்புமாகப் புகை எழுந்தது. ஆலை கிளம்பும்போதெல்லாம் எழுவதுதான், ஊரே அதை நரிவால் என்று சொல்லும். மெல்ல மெல்ல வெளிறித்தான் அது அடங்கும்.

பையை எடுத்துக்கொண்டு, கடைசியாக ஒருமுறை ஹோசியத் துளையில் பார்த்தாள். வலையின் இடது ஓரத்தில் பிறைபோல ஒரு கறுப்பு.

"புது வலைம்மா, கொஞ்சம் திட்டுத் திட்டாத்தான் இருக்கும்," என்றார் யோத்கோர். "நீ கிளம்பு. ரயில் உனக்காகக் காத்திருக்காது."

அவர் சொன்னதும் சரிதான். புது வலையில் திட்டுகள் வரும். ஆனால் அவை நகர்ந்துகொண்டே இருக்கும். இந்தப் பிறை அசையவில்லை.

அவள் கதவுவரை போய்விட்டாள். பைக்குள் ரொட்டி இடுப்பில் இடித்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. பருத்தி ஊர் இது. குழாயைத் திறந்து போட்டால் தூசி புகாமல் பஞ்சுப் பொதியைத்தான் அடைப்பார்கள். மறந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு பொதியிலும் வெளியே தொங்கும்படி ஒரு சிவப்பு நாடா கட்டுவார்கள். துரோப்பின் போன் வந்தபோது அவள் ஒரு பொதியோடு நின்றுகொண்டிருந்தாள். தோளில் போனை இடுக்கிக்கொண்டு அதை உள்ளே தள்ளினாள். நாடா கட்டவில்லை. பிறகு அதை வெளியே எடுக்கவும் இல்லை.

வாயைத் திறந்தால் ரயில் போய்விடும். திறக்காவிட்டால் வலை போய்விடும். அமோனியா ஓரிடத்தில் அதிகம் சேர்ந்தால் வலையோடு நிற்காது, உலையே வெடிக்கலாம். இனோபத் அந்தத் துளையில் முகம் வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே, நிறுத்துங்க. உள்ள பஞ்சு இருக்கு. நான்தான் வச்சேன்."

"இப்பவா சொல்றே?"

"இப்பத்தான் நெனப்பு வந்துச்சு."

யோத்கோர் நிறுத்தினார். பிறகு காது கூசுகிற மாதிரி திட்டினார். குழாயிலிருந்த வாயுவை வெளியேற்றி, ஆறவைத்து, திறக்கும்வரை ஹோசியத் பக்கத்திலேயே நின்றாள். எங்கே தள்ளினாள் என்பது அவளுக்குத்தானே தெரியும். ஒரு தகட்டின் இடுக்கில் சிக்கி ஓரம் கருகியிருந்த பொதியை அவள் இழுத்தபோது, ஆலைக்கு வெளியே ரயில் கூவிக்கொண்டு போனது.

சாயங்காலம் வலை ஒரே நிறத்தில் கனன்ற பிறகுதான் அவள் வாயிலுக்கு வெளியே வந்து போனை எடுத்தாள்.

"வரலைன்னு கோவமா?"

"இல்ல," என்றான் துரோப். பின்னால் சக்கரச் சத்தம். "ரயில் ஊருக்குள்ள நுழையறப்ப நரிவால் தெரிஞ்சுது. பாத்துக்கிட்டே இருக்கேன், பாதியில வெட்டினாப்ல நின்னுபோச்சு. சரி, உள்ள ஏதோ கோளாறு, நீ வரமாட்டேன்னு புரிஞ்சுபோச்சு. ஆனாலும் மேடையில இறங்கித்தான் நின்னேன்."

நேரில் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் போனிலேயே சொன்னாள். காலி இடம், யோத்கோர் கொடுத்த வாக்கு, பையில் இருந்த ரொட்டி. அவன் இந்த முறை சிரிக்கவில்லை.

"இப்ப வலை எப்படி இருக்கு?" என்றான்.

"ஒரே நிறம்."

"ரொட்டியை எங்க வச்சிருக்கே?"

"பையில. கையிலதான் இருக்கு."

"திரும்ப மாட்டு," என்றான். "நான் வந்து திங்கறவரைக்கும் பூச்சி அரிக்காம பாத்துக்கோ."