விளக்கு எரியாமலே மறைந்த ஹார்மோன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். தண்ணீரில் கலக்கும் ஹார்மோன்களை அகற்றுவதுதான் என் வேலை. நாம் விழுங்கும் மாத்திரை, கோழிப் பண்ணைக் கழிவு என்று பல வழிகளில் ஆற்றுக்கு வந்து சேரும் இவை, மீன்களின் இனப்பெருக்கத்தையே கெடுத்துவிடும். ஒரு வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கலந்து புற ஊதா விளக்கைக் காட்டினால், ஒளி பட்டதும் அந்தத் தூள் ஹார்மோனை உடைக்கத் தொடங்கும். பிறகு தூளை வடிகட்டிவிட்டுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

எங்கள் ஊரான கூலாயின் ஓடையில் எடுத்த தண்ணீரில் ஹார்மோன் சுத்தமாகக் காணாமல் போனது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் வழிகாட்டியான மேடம் கோலாலம்பூர் மாநாட்டுக்குக் கட்டுரையை அனுப்பிவிட்டார். கூலாயில் அப்பா, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்கு டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம், "எம்மவ ஆத்தையே கழுவப் போறா" என்று அளந்து விட்டுக்கொண்டிருந்தார்.

மாநாட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடைசியாக ஒரு தடவை செய்து பார்த்தேன். அதே முடிவு. மாலையில், கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்போய் ஊர் அக்கா விளக்குப் பெட்டியைத் திறந்தார். "அலமாக்! லம்பு போயிருச்சு. காலையிலேர்ந்தே எரியலை போல" என்றார். மூடிய கறுப்புப் பெட்டி என்பதால் வெளியிலிருந்து தெரியவில்லை.

ஒளியே இல்லாமல் ஹார்மோன் எங்கே போனது? இருட்டிலும் ஒரு தடவை செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் வேலையில் பாலபாடம். ஆரம்பத்தில் செய்திருந்தேன். நடுவில் வேறு வடிகட்டிக்கு மாறியபோது, அதைத் திரும்பச் செய்யச் சோம்பல்பட்டுவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்த அக்கா, "இன்னிக்குச் செஞ்சத தூக்கிப் போட்டுரு லா. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். உண்மையைச் சொன்னால், அந்த யோசனை எனக்கும் இனித்தது. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. "அந்த ஃபில்டர கழுவி, அந்தத் தண்ணிய டெஸ்ட் பண்ணிப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். ஹார்மோனைக் கரைக்கும் மெத்தனாலை ஊற்றிக் கழுவிப் பார்த்தோம். உடைந்துபோனதாக நான் குதித்த ஹார்மோன், வடிகட்டியில் பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மேடம் என் எதிரிலேயே போனை எடுத்து, மாநாட்டுக்காரர்களிடம் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்.

அப்பாவிடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "அப்ப தண்ணி சுத்தமாகலையாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லப்பா."

"சரி, கடையில நான் சொல்லிக்கிறேன். நீ மறுபடி செய்யி."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனது. வடிகட்டியே இல்லாமல், தூளை இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்து, எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். தூள் ஹார்மோனை உடைக்கத்தான் செய்தது, ஆனால் மெதுவாக, நான் பீற்றிக்கொண்ட அளவுக்கு இல்லை. இப்போதும் ஒரு முடிவு நான் ஆசைப்பட்டபடியே வந்துவிட்டால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு தடவை செய்து பார்க்கிறேன்.