ஆய்வுக்குக் காணாது என்று நான் சொன்ன கேள்வி

ஆராயத் தகுந்த ஒரு பிரச்சினையை, தகுந்தது என்று தெரிந்தே, தகாது என்று சொல்லித் தடுத்தேன். போன மாதம்வரை, ஐந்து வருடமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

கிளிநொச்சியில் சனிக்கிழமைகளில் ஆசிரியர்களுக்கு ஆய்வுமுறை கற்பிப்பவள் நான். ஐந்து வருடத்துக்கு முன் செல்வமலர் ரீச்சரும் படிக்க வந்தா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவா. ஆனாலும் என்னை 'மிஸ்' என்றே அழைப்பா. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். வரும்போதெல்லாம் தன் தோட்டத்து நிலக்கடலையை, எங்கள் ஊர்க் கச்சானை, அவித்துக் கொண்டுவருவா. எவ்வளவு பிரியமான மனுசி!

ஒருநாள் தன் ஆய்வுக் கேள்வியைச் சொன்னா.

"மிஸ், எங்க வகுப்புல மலையகத்துப் புள்ளைங்க ஏழு பேரு வாயே தொறக்குறதில்ல. வீட்டுல நல்லாப் பேசுதுங்க. இங்க 'ஓம்'னு சொல்லாம 'ஆமாங்க'ன்னு சொன்னா மத்தப் புள்ளைங்க சிரிக்குதுங்க. இத ஆராயலாங்களா?"

புதியதா? செய்யக்கூடியதா? யாருக்காவது பயன்படுமா? முதல் வாரம்தான் இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதியிருந்தேன். மூன்றுக்கும் விடை, ஆம்!

"இது சின்ன விசயம், ரீச்சர். ஆய்வுக்குக் காணாது, இன்னும் பெரிசா வேணும். வேற தலைப்புப் பாருங்கோ" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நான் முதலில் படிப்பித்த பள்ளிக்கூடம் பளைப் பக்கம். ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து "ஆமாங்க டீச்சர்" என்றாள். நான் அவளைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்... மறுநாள் முதல் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வருடம் முடியும்வரை அவள் குரலை நான் கேட்கவில்லை.

அந்த ஆய்வு நடந்திருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் நான்தான் திருத்தவேண்டி வந்திருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் நானே நின்றிருப்பேன். அதற்குத்தான் பயந்தேன்!

செல்வமலர் ரீச்சர் பள்ளி நூலகத்தைப் பற்றி எழுதித் திறமையாகச் சித்தியடைந்தா. "நீங்க இல்லாட்டி முடிச்சிருக்கவே மாட்டேன் மிஸ்" என்று என்னைக் கட்டிக்கொண்டா. அந்த அணைப்பு எனக்கு எப்படிச் சுட்டது தெரியுமா?

போன மாதம் வீட்டுக்கு வந்தா. வழக்கம்போல் மடியில் கச்சான் பொதி.

"அந்தப் பழைய கேள்வி மனச விட்டுப் போகல மிஸ். நெசமாவே சின்ன விசயந்தானா?"

அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை.

"இல்லை ரீச்சர். பெரிய விசயம். நான்தான் பிழை விட்டனான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவா கோபிக்கவில்லை. 'பரவாயில்லை' என்றும் சொல்லவில்லை. மடியிலிருந்த பொதியை எடுத்துக் கீழே வைத்தா.

"அந்தப் புள்ள பேரு என்னங்க?"

வாயைத் திறந்தேன்... அவளுடைய இரட்டைப் பின்னல் நினைவிருக்கிறது. இரண்டாம் வரிசையில் இருந்ததும் நினைவிருக்கிறது. பெயர்... வரவில்லை!

"யோசிச்சுச் சொல்லுங்க" என்று என் கையைத் தொட்டுவிட்டுப் போனா.

ஒரு மாதமாக யோசிக்கிறேன்.